நிறைகுடம் தளும்பாது: நீண்ட தூரம் ஓடும்போது தண்ணீரை எப்படிச் சுமப்பது?

காலை ஐந்தே கால் மணி. விருதுநகரை ஒட்டிய சூலக்கரையிலிருந்து ஒரு இளைஞர் ஓடத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரநாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் 20 கிலோமீட்டர். அடுத்து ஒரு அரை மராத்தான் ஓட வேண்டும் என்பது ஆசை.

முதல் ஐந்து கிலோமீட்டர் சுகம். காற்று குளிர்ச்சியாக இருக்கிறது, கால் லேசாக இருக்கிறது. பத்தாவது கிலோமீட்டரில் வெயில் ஏறத் தொடங்குகிறது. கரிசல் காட்டில் ஒதுங்க மரம் குறைவு. கையிலிருந்த ஒரு லிட்டர் பெட் பாட்டில் வழுக்குகிறது, தோள் வலிக்கிறது, உள்ளே தண்ணீர் 'சளக் சளக்' என்று அடிக்கிறது. எரிச்சலில் மீதித் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டு பாட்டிலைக் கடாசிவிடுகிறார். பதினைந்தாவது கிலோமீட்டரில் நாக்கு ஒட்டுகிறது. வீட்டுக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர்.

நீண்ட தூரம் ஓடுகிற பலருக்கும் இது பழக்கமான கதைதான். ஷூவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள், தண்ணீரை எப்படி எடுத்துப்போவது என்று யோசிப்பதே இல்லை. இந்தப் பக்கத்து வெயிலில் அது வெறும் வசதி சம்பந்தப்பட்ட விஷயமில்லை. சுமப்பது தொல்லையாக இருந்தால் தண்ணீரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவோம். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பந்தயத்தில் கிடைப்பது தெருவில் கிடைக்காது

ஆடி மாதம் சாத்தூர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், நீர்மோர்ப் பந்தல். யாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. பெரிய மராத்தான்களிலும் ஏற்பாடு இதேதான். சில கிலோமீட்டருக்கு ஒரு மேசை, அதில் தண்ணீர்க் கோப்பை.

உலகின் மிக வேகமான ஓட்டக்காரர்கள் தண்ணீரைச் சுமப்பதே இல்லை. 2018-ல் பெர்லின் மராத்தானை 2 மணி 1 நிமிடம் 39 விநாடியில் ஓடி எலியுட் கிப்சோகே உலக சாதனை படைத்தபோது, ஒரு பாட்டிலைக்கூட கூடவே எடுத்துப்போகவில்லை. கிளாஸ்-ஹென்னிங் ஷுல்க என்ற தன்னார்வலர் ஒவ்வொரு மேசையிலும் காத்திருந்து, பாட்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டு, சைக்கிளில் அடுத்த மேசைக்குப் பறந்தார். பாட்டில் கைமாறும்போது ஷுல்க துள்ளிக் குதித்த வீடியோ இணையத்தில் வைரலானது.

அப்படி நீட்ட ஆள் இல்லையென்றால்? 2016 ரியோ ஒலிம்பிக் மராத்தானை 2 மணி 47 நிமிடம் 19 விநாடியில் முடித்த இந்திய வீராங்கனை ஓ.பி. ஜெய்ஷா, எல்லைக்கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார். வழியில் இந்தியாவுக்கான மேசைகளில் தண்ணீர் கொடுக்க யாருமே இல்லை என்று பிறகு அவர் சொன்னார். தனி பானம் வேண்டாம் என்று அவரும் பயிற்சியாளரும்தான் மறுத்தார்கள் என்பது தடகள சம்மேளனத்தின் பதில். யார் சொன்னது சரி என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒலிம்பிக் அளவிலேயே தண்ணீர் ஏற்பாடு இவ்வளவு பெரிய பிரச்சினையாகிறது என்றால், ஞாயிறு காலை தனியாக ஓடுகிறவர் தன் ஏற்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

முன்பாவது பெட்டிக்கடையில் ஒரு தண்ணீர் பாக்கெட் வாங்கிப் பல்லால் கடித்துக் குடிக்கலாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பொருட்களில் அதுவும் ஒன்று.

எவ்வளவு தண்ணீர் தேவை?

எதில் சுமப்பது என்பதற்கு முன்னால் எவ்வளவு சுமப்பது என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு எடை மெஷின் போதும்.

ஓடுவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்தபட்ச உடையில் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடுங்கள். திரும்பி வந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு, மறுபடி அதேபோல் எடை பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. அதனால் குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. நடுவில் தண்ணீர் குடித்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

நம் சூலக்கரை இளைஞரின் எடை 60 கிலோ. ஒரு மணி நேர ஓட்டத்தில் 300 மில்லி குடித்தும் எடை 59.2 கிலோவுக்கு இறங்கியது என்றால், அவர் இழந்த வியர்வை 800 மில்லியும் 300 மில்லியும் சேர்த்து 1.1 லிட்டர். இரண்டு மணி நேரம் ஓடினால் 2.2 லிட்டர்.

அவ்வளவையும் குடித்தே ஆக வேண்டுமா? தேவையில்லை. உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இழக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் 2007-ம் ஆண்டு வழிகாட்டுதல். 60 கிலோவில் 2 சதவீதம் 1.2 கிலோ. ஆக, 2.2 லிட்டரில் 1.2 போக, அவர் வழியில் குடிக்க வேண்டியது இரண்டு மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரு லிட்டர். மணிக்கு அரை லிட்டர். மராத்தான் ஓடுபவர்கள் மணிக்கு 400 முதல் 800 மில்லி வரை என்று தொடங்கிப் பார்க்கலாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்லும் அளவுக்குள்தான் இதுவும் வருகிறது.

இந்தக் கணக்கை மார்கழியில் ஒரு தடவை, கத்திரி வெயிலுக்கு முன்னால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். இரண்டு விடையும் ஒன்றாக இருக்காது.

இன்னொரு விஷயம். போலீஸ் வேலைக்குத் தயாராகிறவர்கள் ஏழு நிமிடத்தில் ஓட வேண்டிய 1,500 மீட்டருக்கோ, அரை மணி நேர ஜாகிங்குக்கோ தண்ணீர் சுமக்கவே வேண்டாம். முன்னாலும் பின்னாலும் குடித்தால் போதும். ஓட்டம் ஒரு மணி நேரத்தை நெருங்கும்போதுதான் இந்தக் கேள்வியே வருகிறது.

ஏன் சுமப்பது எரிச்சலாகிறது?

எடை மட்டும் காரணம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எடையைவிடத் தொல்லை தருவது ஆட்டம்.

ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 170 அடி வைக்கிறோம் என்றால், ஒரு மணி நேரத்தில் பத்தாயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு அடியிலும் உடல் மேலே எழும்பிக் கீழே இறங்குகிறது. பாட்டிலும் அதோடு எழும்புகிறது. ஆனால் உள்ளே இருக்கும் தண்ணீர் அதே நேரத்தில் இறங்குவதில்லை. கொஞ்சம் தாமதமாக வந்து பாட்டிலின் அடியில் மோதுகிறது. அந்த இடி கைக்கோ இடுப்புக்கோ தோளுக்கோ போகிறது. பத்தாயிரம் தடவை.

'நிறைகுடம் தளும்பாது' என்று சொல்வது குணத்துக்கு மட்டுமில்லை, இதற்கும் அப்படியே பொருந்தும். குழாயடியிலிருந்து இடுப்பில் குடம் சுமந்து வந்த எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். நிறைந்த குடம் கனக்கும், ஆனால் அடங்கி இருக்கும். அரைக்குடம்தான் ஆளை ஆட்டும். காரணம் உள்ளே இருக்கும் காற்று. தண்ணீர் ஓடியாட அது இடம் கொடுக்கிறது.

ஓட்டத்துக்கான பாட்டிலில் சிக்கல் என்னவென்றால், குடிக்கக் குடிக்க நிறைகுடம் அரைக்குடமாகிவிடும். இதைச் சமாளிக்க வந்ததுதான் 'சாஃப்ட் ஃப்ளாஸ்க்' என்கிற மெத்தென்ற பாட்டில். குடிக்கும் அளவுக்கு அது சுருங்கிக்கொண்டே வரும். உள்ளே காற்றுக்கு இடமில்லை. கடைசி மடக்கு வரைக்கும் அது நிறைகுடம்தான். எந்த வகை வாங்கினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: தண்ணீர் பாதியானதும் இது ஆடுமா?

நான்கு வழிகள்: எது யாருக்கு?

கையில் பிடிக்கும் பாட்டில்: 250 முதல் 500 மில்லி வரை பிடிக்கும். உள்ளங்கையைச் சுற்றி ஒரு பட்டை இருக்கும். பட்டைதான் பாட்டிலைத் தாங்க வேண்டும், விரல்கள் தாங்கக் கூடாது. இறுக்கிப் பிடித்தால் முன்கையில் தொடங்கி தோள், கழுத்து வரை வலி ஏறும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கை மாற்றுங்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்துக்கு, வழியில் ஒரு இடத்தில் நிரப்ப முடியும் என்றால், இதுவே போதும். விலையும் குறைவு, கழுவுவதும் சுலபம். பாட்டில் கண்ணெதிரே இருப்பதால் குடிக்க மறக்கவும் மாட்டோம்.

இடுப்பு பெல்ட்: ஒரு பெரிய பாட்டிலோ, இரண்டு மூன்று சின்ன பாட்டில்களோ செருகும் வசதி உண்டு. கை இரண்டும் ஃப்ரீ. பலரும் செய்யும் தப்பு, இதை வயிற்றில் கட்டுவது. அங்கே கட்டினால் ஓடும்போது மேலே ஏறும், வயிற்றை அழுத்தும், மூச்சும் முட்டும். கொஞ்சம் இறக்கி, இடுப்பு எலும்பு மேல் பதியும்படி கட்டுங்கள். ஒரே பெரிய பாட்டில் என்றால் ஆட்டம் அதிகம். சின்னச் சின்ன பாட்டில்களை இரண்டு பக்கமும் பிரித்து வைத்தால் குறையும். ஒரு பக்கத்தை முழுதாகக் காலி செய்யாமல் மாற்றி மாற்றிக் குடிப்பது நல்லது.

வெஸ்ட்: கையில்லாத பனியன் மாதிரி உடலை ஒட்டிப் பிடிக்கும். நெஞ்சில் இரண்டு பக்கமும் தலா 500 மில்லி சாஃப்ட் ஃப்ளாஸ்க். எடை இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்து உடலோடு ஒட்டி இருப்பதால், ஒரு லிட்டர் சுமந்தாலும் பெரிதாகத் தெரியாது. சாவி, போன், ஓஆர்எஸ் பாக்கெட் எல்லாம் வைக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுபவர்களுக்கு இதுதான் வசதி. குறை என்ன? விலை ஆயிரங்களில். அதைவிட முக்கியம், முதுகை மூடும். வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். முதுகு முழுக்கத் துணியால் மூடியிருந்தால் அந்த வேலை தடைபடும். குளிர் நாட்டு மலை ஓட்டத்துக்குச் செய்த கனத்த மாடலை வாங்கிவிட்டு விருதுநகர் வெயிலில் அவதிப்பட வேண்டாம். முதுகில் பெரிய கண் வலைத்துணி உள்ளதாகப் பாருங்கள்.

முதுகுப் பை, உறிஞ்சு குழாய்: ஒன்றரை, இரண்டு லிட்டர் பிடிக்கும் ரப்பர் போன்ற பை முதுகில் இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் வாய் வரைக்கும் வரும். இதற்கு ஒரு சுவையான முன்கதை உண்டு. 1989-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் கொளுத்தும் வெயிலில் நடந்த 100 மைல் சைக்கிள் பந்தயத்தில், ஆம்புலன்ஸ் பணியாளரான மைக்கேல் எய்ட்சன், குளுக்கோஸ் ஏற்றும் பையில் தண்ணீர் நிரப்பி, அதை ஒரு நீள சாக்ஸுக்குள் போட்டு, சட்டையின் முதுகில் மாட்டிக்கொண்டு ஓட்டினார். 'கேமல்பேக்' என்ற பிராண்டு பிறந்தது அப்படித்தான். கடை கண்ணி இல்லாத காட்டுப் பாதை, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டம் என்றால் இது கைகொடுக்கும். மற்றபடி இரண்டு கிலோ முதுகில் ஏறுவது வீண் சுமை. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஓடும்போது தெரியாது என்பதும் ஒரு குறை. நிரப்பியதும் பையைத் தலைகீழாகப் பிடித்து, உள்ளே இருக்கும் காற்றைக் குழாய் வழியாக உறிஞ்சி எடுத்துவிடுங்கள். சளக் சத்தம் போய்விடும். திரும்பவும் அதே நிறைகுடம் கணக்குதான்.

ஐந்தாவது வழி: சுமக்காமல் ஓடுவது

வாங்குவதற்கு முன்னால் யோசிக்க வேண்டிய வழி இது. 20 கிலோமீட்டரை ஒரே நீட்டாக ஓடாமல், நான்கு கிலோமீட்டர் சுற்றாக ஐந்து தடவை ஓடலாம். கண்மாய்க்கரையோ, வீட்டைச் சுற்றிய உள் ரோடுகளோ போதும். தண்ணீர் வீட்டு வாசலில் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மடக்கு குடித்துவிட்டு வெறுங்கையோடு கிளம்பலாம்.

சுற்றி வருவது போரடிக்கும் என்றால், வழியில் தெரிந்த டீக்கடை இருக்கிறதா பாருங்கள். முதல் நாள் மாலையே ஒரு பாட்டிலைக் கொடுத்துவைத்தால், "அண்ணே, காலைல வந்து எடுத்துக்கிறேன்" என்ற ஒரு வார்த்தையில் வேலை முடிந்தது. கையில் 500 மில்லி, பாதி வழியில் 500 மில்லி. நம் இளைஞருக்குத் தேவையான ஒரு லிட்டர் சரியாக வந்துவிட்டது. வெஸ்ட் வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

நான்குவழிச்சாலையில் ஓடுவதையும் இதனால் தவிர்க்கலாம். விடியற்காலை இருட்டில், சாத்தூர் பக்கமும் மதுரை பக்கமும் பறக்கும் வண்டிகளுக்கு நடுவே, தண்ணீர் குடிக்கத் தலையைத் தூக்கும் அந்த ஒரு நொடியும் ஆபத்துதான்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

கடையில் வெறும் வெஸ்டைப் போட்டுப் பார்த்தால் எதுவும் தெரியாது. தண்ணீர் நிரப்பிப் போட்டு, நின்ற இடத்திலேயே இருபது தடவை குதித்துப் பாருங்கள். பிறகு பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி குதியுங்கள். அரைக்குடத்தில் ஆடாததுதான் உங்களுடையது.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் சட்டை சைஸை நம்ப வேண்டாம். டேப்பால் மார்பளவை எடுத்து, அந்த பிராண்டின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பெண்களுக்கென்று தனி வெட்டில் வரும் வெஸ்ட்களும் உண்டு. ஃப்ளாஸ்க் உட்காரும் இடம் அவற்றில் வேறாக இருக்கும். ஆண்களுக்கான வெஸ்டில் சின்ன சைஸ் எடுத்து ஒப்பேற்ற வேண்டாம்.

அடுத்தது உராய்வு. கழுத்தோரம், அக்குள், இடுப்பு ஆகிய மூன்று இடங்களில் பட்டை உரசினால், வியர்வை உப்பும் சேர்ந்து தோல் உரிந்துவிடும். வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் எரியும். காட்டன் பனியன் நனைந்தால் நிலைமை இன்னும் மோசம். ஓடும் முன் அந்த இடங்களில் வேசலின் தடவிக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயும் உதவும்.

தண்ணீர் சூடாகாமல் இருக்க ஒரு எளிய வழி உண்டு. காட்டு வேலைக்குப் போகிறவர்கள் பாட்டிலில் ஈரத்துணியைச் சுற்றி எடுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே இங்கேயும் செய்யலாம். பாட்டிலுக்கு ஒரு பழைய காட்டன் சாக்ஸை மாட்டி நனைத்துவிடுங்கள். மண்பானை குளிர்வது போலத்தான் இதுவும். காற்று வறண்டிருக்கும் இந்தப் பக்கத்தில் நன்றாகவே வேலை செய்யும்.

கழுவுவதில் சோம்பல் வேண்டாம். குழாய் வைத்த பையில் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். சர்க்கரை கலந்த பானம், ஓஆர்எஸ் எல்லாம் பாட்டிலில் இருக்கட்டும். குழாய்க்குள் இனிப்பு தங்கினால் பூஞ்சை பிடிக்கும், எடுப்பது கஷ்டம். ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டரில் கரைத்தால் உப்பு கூடிப்போய் நன்மைக்குப் பதில் கெடுதல்.

பந்தயத்துக்குப் போகிறீர்களா? விதிகளைப் படித்துவிடுங்கள். 2013 குண்டுவெடிப்புக்குப் பிறகு பாஸ்டன் மராத்தானில் முதுகுப் பைக்கும் தண்ணீர் வெஸ்ட்டுக்கும் தடை. ஆல்ப்ஸில் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி ஓடும் யூடிஎம்பி பந்தயத்திலோ, குறைந்தது ஒரு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் ஏற்பாடு இல்லாமல் ஓட விடமாட்டார்கள்.

அதிகம் குடித்தாலும் ஆபத்தா?

ஆமாம். 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் அளவு குறைந்திருந்தது. ஓடி முடிக்கும்போது ஓடுவதற்கு முன்பைவிட எடை கூடியிருந்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம் என்று 2005-ல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. அதாவது, இழந்ததைவிட அதிகமாகக் குடித்தவர்கள். இது முற்றினால் குழப்பம், வலிப்பு, உயிரிழப்பு வரை போகலாம். சுமந்துவிட்டோமே என்பதற்காகக் குடித்துத் தீர்க்க வேண்டாம். தாகமும் எடைக் கணக்கும் சொல்லும் அளவு போதும்.

தண்ணீர் கையில் இருக்கிறது என்பதால் வெயில் ஒன்றும் செய்யாது என்றும் நினைத்துவிடக் கூடாது. வெப்ப மயக்கத்தைத் தண்ணீர் மட்டும் தடுத்துவிடாது. கூட ஓடுகிறவர் பேச்சில் தடுமாறினால், நேராக ஓட முடியாமல் தள்ளாடினால், உடனே நிறுத்தி நிழலுக்குக் கொண்டுபோங்கள். உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அடுத்த ஞாயிறு என்ன செய்யலாம்?

எதையும் வாங்காமலேயே தொடங்கலாம். எடை பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் ஓடுங்கள், வந்து மறுபடி எடை பாருங்கள். ஓட்டம் எவ்வளவு நேரம், அதற்கு எத்தனை மில்லி, வழியில் எங்கே நிரப்பலாம் என்று மூன்றையும் போனில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அரை லிட்டரில் முடிந்தால் கைப் பாட்டில். கை ஃப்ரீயாக வேண்டும் என்றால் பெல்ட். நிரப்ப இடமில்லாமல் ஒரு லிட்டர் சுமந்தே ஆக வேண்டும் என்றால் வெஸ்ட். அதற்கும் மேல் போனால் மட்டும் முதுகுப் பை.

எதை எடுத்தாலும் முதல் தடவை ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். எங்கே உரசுகிறது, எங்கே ஆடுகிறது என்று பார்த்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு, அதன் பிறகு 20 கிலோமீட்டருக்குக் கிளம்புங்கள். சித்திரை, வைகாசியில் என்றால் ஐந்தே கால் மணியும் தாமதம்தான். நாலரைக்கே கிளம்பிவிடுவது நல்லது.